பான் 2008, ஐந்தாவது ஆட்டம்: ஆனந்த் வென்றாரா, கிராம்னிக் தோற்றாரா?

கறுப்புக்காய்:
நேற்று வேறொரு இழையில் 'இறுதியாட்டம்' என்ற பெயரில் எழுதும் நண்பர் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "பான் நகரில் நடந்த 2008 உலக சதுரங்க சாம்பியன்ஷிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தை ஆனந்த் வெல்லவில்லை, கிராம்னிக் தோற்றார். 29-ஆவது நகர்வில் குதிரையால் டி4 கட்டத்துச் சிப்பாயை வெட்டினார், கதை முடிந்தது. ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்வுகளை, உட்கார்ந்து படிப்பது நேர விரயம்." அதற்குக் கீழே பாராட்டுகள் வேறு. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அங்கே பதில் எழுதினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும் என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

அந்த ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து பார்த்தவர் இப்படி எழுதமாட்டார். ரஷ்யாவின் கிராம்னிக் வெள்ளை, ஆனந்த் கறுப்பு. செமி-ஸ்லாவ் என்ற ஓப்பனிங், அதில் மெரான் கிளை. 1924-இல் மெரானோ நகரத்துப் போட்டியில் குரூன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர். கறுப்பு டி5 சிப்பாயால் சி4-ஐ வெட்டும், பி5 என்று தள்ளும், ஏ6, சி5 என்று போகும். வெள்ளை இ4, இ5 என்று நடுவில் பாயும். 11-ஆவது நகர்வில் வெள்ளைக் குதிரை பி5-ஐ வெட்டும், கறுப்பு ஏ6 சிப்பாயால் அதைத் திருப்பி வெட்டும், வெள்ளையின் இ5 சிப்பாய் எஃப்6 குதிரையை வெட்டும், கறுப்பின் ஜி7 சிப்பாய் எஃப்6-க்கு வரும். இதுவரை பழைய பாதை. 14-ஆவது நகர்வில் ஆனந்த் பிஷப்பை பி7-இல் வைத்தார். பி5 சிப்பாய் போனால் போகட்டும், எனக்கு ஜி வரிசையும் ஜி2-ஐக் குறிவைக்கும் நீண்ட மூலைவிட்டமும் போதும் என்று சொல்கிற நகர்வு. ராஜா இன்னும் நடுவில் நிற்கும்போது இப்படி ஆட, வீட்டில் மாதக்கணக்கில் உழைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்டத்தில் இதே பிஷப் பி7 வந்தது. ஆனந்த் விறுவிறுவென்று ஆடிக்கொண்டே போக, கிராம்னிக் கடிகாரத்தில் பின்தங்கினார், 41 நகர்வுகளில் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்தில் அதே கிளை மறுபடியும் வந்தது. 15-ஆவது நகர்வில் இந்த முறை பிஷப் டி6 அல்ல, யானை ஜி8. பாதையை மாற்றியவர் ஆனந்த்தான். கிராம்னிக் தன் உதவியாளர்களோடு தயாரித்துவந்த விடை எதுவாக இருந்தாலும் அந்தக் கணத்தில் அது செல்லாக் காசாகிவிட்டது. 35 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. கறுப்புக் காய்களில் இரண்டு வெற்றி, ஒரே கிளையில், உலக சாம்பியன்ஷிப் போட்டியில். இதைப் பார்த்துவிட்டு "கிராம்னிக் தோற்றார்" என்று எழுத எப்படி மனம் வருகிறது?

இறுதியாட்டம்:
ஐயா, என் பெயரைத் தலையில் வைத்து ஓர் இழையே தொடங்கியதற்கு நன்றி. நீங்கள் எழுதிய நீண்ட பத்திகளில் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. 29-ஆவது நகர்வு. பெயருக்கு மேற்கோளில் வருகிறது, அப்புறம் ஆளைக் காணோம். 15-இலிருந்து நேராக 35-க்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் இருபது நகர்வுகள் ஆடப்பட்டன.

28-ஆவது நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் வைத்து எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கு ராணி, யானை, பிஷப், குதிரை, ஐந்து சிப்பாய்கள். கறுப்புக்கும் அதே ராணி, யானை, பிஷப், குதிரை, ஐந்து சிப்பாய்கள். ஒரு சிப்பாய்கூட வித்தியாசம் இல்லை. அதுமட்டுமல்ல, வெள்ளைக்கு ஏ4-இலும் பி4-இலும் கைகோத்த இரண்டு தடையற்ற சிப்பாய்கள். உங்கள் புகழ்பெற்ற தயாரிப்பு 28 நகர்வுகளில் சம்பாதித்துக் கொடுத்தது இதைத்தான். அதற்குப் பிறகு கிராம்னிக் குதிரையால் டி4-ஐ வெட்டினார். அந்த ஒரு நகர்வு இல்லையென்றால் உங்கள் இழையே இல்லை.

கறுப்புக்காய்:
காய்களை எண்ணுவது ஆறாம் வகுப்பு மாணவன் செய்யும் வேலை. சரி, 29-ஆவது நகர்வுதானே வேண்டும்? முழுவதுமாகத் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

29: வெள்ளைக் குதிரை எஃப்3-இலிருந்து டி4 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு ராணி எஃப்6-இலிருந்து வந்து அந்தக் குதிரையை வெட்டுகிறது. 30: வெள்ளை யானை டி1. ராணி டி வரிசையை விட்டு விலகினால் டி7 குதிரை செக்குடன் போகும். இதுதான் கிராம்னிக் விரித்த வலை. ஆனந்த்தின் விடை, குதிரை எஃப்6. அது ஜி4-இல் நிற்கும் வெள்ளை ராணியைத் தாக்குகிறது. 31: யானை ராணியை வெட்ட, குதிரை ராணியை வெட்டுகிறது. 32: யானை டி7 செக், ராஜா எஃப்6. 33: யானை பி7 பிஷப்பை வெட்டுகிறது. இப்போது வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஏ, பி சிப்பாய்கள் ஓடத் தயார். கிராம்னிக் இங்கே வரை பார்த்துவிட்டார். யானை சி1 செக், 34: பிஷப் எஃப்1 என்று மறைக்கிறது. பிறகு, குதிரை இ3. வெட்டினால் எஃப்4 சிப்பாய் இ3-க்கு வந்து, இ2-க்கு இறங்கத் தயாராக நிற்கும். எஃப்1 பிஷப் ராஜாவுக்குக் கட்டுண்டு கிடப்பதால் அசைய முடியாது. வெட்டாவிட்டால் அந்த பிஷப்பே பறிபோகும்.

இனி என் கேள்வி. எஃப்4-இலிருந்து இ3-ஐ வெட்டி ஆட்டத்தை முடித்த அந்தச் சிப்பாய் எங்கிருந்து வந்தது? 12-ஆவது நகர்வில் ஜி7-இலிருந்து எஃப்6-க்கு வந்த சிப்பாய். 17-இல் எஃப்5, 18-இல் எஃப்4. இ3-இல் பாய்ந்த குதிரை? ஐந்தாவது நகர்வில் பி8-இலிருந்து டி7-க்கு வந்து, 30-ஆவது நகர்வு வரை அங்கேயே அசையாமல் நின்ற குதிரை. சி1-இல் செக் கொடுத்த யானை? 15-ஆவது நகர்வில் எச்8-இலிருந்து ஜி8-க்கு வந்த அதே யானை. 23-இல் சி8, 27-இல் சி5, 28-இல் சி3, 33-இல் சி1. ஆட்டத்தைக் கொன்ற மூன்று காய்களும் மெரான் தொடக்கத்தில் தயாரிக்கப்பட்டவை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இறுதியாட்டம்:
என்ன சொல்வது? எல்லா ஆட்டங்களிலும் காய்கள் தொடக்கத்தில் வைத்த இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. உங்கள் தர்க்கப்படி 29-ஆவது நகர்வில் தவறு செய்த வெள்ளைக் குதிரையும் மூன்றாவது நகர்வில் எஃப்3-க்கு வந்த குதிரைதானே? அப்படியானால் கிராம்னிக்கின் தோல்விக்குக் காரணம் குதிரை எஃப்3 என்று எழுதிவிடுவோமா? முதல் நகர்வில் டி4 ஆடியதே குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோமா?

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கிராம்னிக் 33-ஆவது நகர்வு வரை பார்த்துவிட்டார் என்று. அவர் பார்க்கத் தவறியது 34-இல் குதிரை இ3. அது கணக்கிடுவதில் நேர்ந்த தவறு. கணக்கிடுவதை ஓப்பனிங் புத்தகம் சொல்லித்தராது. 29-இல் கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக ஒரு நகர்வு ஆடியிருந்தால்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், வேறு எதையும் சொல்ல வேண்டாம்.

ஈரோட்டுக் குதிரை:
கறுப்புக்காய் அண்ணா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. அந்த ஆட்டத்தில் 15-ஆவது நகர்வில் பிஷப் டி6, அதன் பிறகு வெள்ளையின் 17-ஆவது நகர்வு ஜி3, அதற்கு யானை ஜி4, எல்லாம் வீட்டில் பார்த்தவை. இறுதியாட்டம் அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கறுப்புக்காய்:
தம்பி, நீங்கள் சொல்வது மூன்றாவது ஆட்டம். பிஷப் டி6-உம் யானை ஜி4-உம் அங்கேதான் வந்தன. இது ஐந்தாவது ஆட்டத்துக்கான இழை. எனக்கு ஆதரவாகப் பேச வருகிறவர்கள் தயவுசெய்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரவும். எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்க எனக்கு ஆள் தேவையில்லை.

இறுதியாட்டம்:
உங்கள் அணியில் எந்த ஆட்டம் என்றே முடிவாகவில்லை போலிருக்கிறது. முடிவானதும் சொல்லி அனுப்புங்கள். நான் 29-ஆவது நகர்வில் காத்திருக்கிறேன்.

ஈரோட்டுக் குதிரை:
நான் இரண்டு ஆட்டங்களையும் ஒரே தயாரிப்பாகப் பார்த்துத்தான் எழுதினேன். தயாரித்தவர்கள் ஒரே அணி: பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், சூர்ய சேகர் கங்குலி, ராடோஸ்லாவ் வொய்தாஷெக். மூன்றாவது என்றாலும் ஐந்தாவது என்றாலும் என் கருத்து மாறாது. கறுப்புக்காய் அண்ணா எல்லோரையும் இப்படித்தான் மட்டம் தட்டுவார். சென்ற முறை காரோ-கான் ஓப்பனிங் பற்றிய இழையிலும் எனக்கு இதுவே நடந்தது. ஆதரவாகப் பேசினாலும் அடி, எதிர்த்துப் பேசினாலும் அடி.

கறுப்புக்காய்:
காரோ-கான் இழையில் நீங்கள் நகர்வு வரிசையைத் தவறாகக் கொடுத்தீர்கள், நான் திருத்தினேன். அதை இன்னும் மனத்தில் வைத்திருக்கிறீர்களா? நல்லது.

பள்ளிப் பயிற்சியாளர்:
இருவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழில் என்பதால் இந்த விவாதம் எனக்கு முக்கியம். ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாமே: ஓப்பனிங் என்று எதைச் சொல்கிறீர்கள்? புத்தகத்தில் உள்ள நகர்வுகள் முடியும் இடம்வரையா, காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) முடியும்வரையா, இல்லை அதிலிருந்து பிறக்கும் சிப்பாய் அமைப்பு பலகையில் இருக்கும்வரையா? ஐந்தாவது ஆட்டத்தில் கறுப்பு காஸ்லிங்கே செய்யவில்லை. 21-ஆவது நகர்வில் ராஜா இ7-க்கு நடந்து வந்தது. இதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இறுதியாட்டம்:
பயிற்சியாளர் ஐயா, எங்கே கோடு போட்டாலும் 29-ஆவது நகர்வு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழும்.

கறுப்புக்காய்:
கோடு போடுவது பிறகு இருக்கட்டும். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம். கிராம்னிக் போன்றவர், 2000-இல் லண்டனில் காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட வெல்லவிடாமல் பட்டத்தைப் பறித்தவர், 29-இல் ஏன் அப்படி வெட்டினார்? சும்மா கை நீளவில்லை. மூன்றாவது ஆட்டத்தைத் தோற்றிருக்கிறார், அதே கிளைக்குள் பிடிவாதமாகத் திரும்ப வந்திருக்கிறார், வந்த இடத்தில் புது நகர்வு ஒன்று முகத்தில் அறைந்திருக்கிறது. ராஜா நடுவில் நிற்கிறது, பி7 பிஷப் மூலைவிட்டத்தில் கண் வைத்திருக்கிறது, சி3-இல் யானை புகுந்துவிட்டது. ஒவ்வொரு நகர்வுக்கும் சொந்த மூளையைச் செலவழித்துக்கொண்டே வருகிறவருக்கு 29-இல் ஒரு குறுக்குவழி தெரிகிறது. பாய்கிறார். அந்தக் களைப்பை உண்டாக்கியதுதான் தயாரிப்பின் வேலை. தயாரிப்பு என்பது காய் வெல்வது மட்டுமல்ல. தெரியாத நகர்வுகளுக்கு நடுவே எதிராளியைத் தனியாக நிறுத்துவது.

கிராம்னிக் டிரா வேண்டும் என்று நினைத்தால் அவரை அசைக்க எவராலும் முடியாது என்பது அப்போதைய பேச்சு. அவருக்கு எதிராக ஆனந்த் என்ன செய்தார்? வாழ்நாள் முழுவதும் இ4 ஆடியவர், இந்தப் போட்டிக்காக வெள்ளையில் டி4-க்கு மாறினார். கறுப்பில் இந்த மெரானை எடுத்தார். அமைதியான நிலைகளில் ஆட்சி செய்கிறவரை நெருப்புக்குள் இழுத்துவந்து நிறுத்தினார். ஆறாவது ஆட்டத்தையும் வென்றார். பாதிப் போட்டி முடிந்தபோது 4.5-1.5. இதெல்லாம் தற்செயலா?

இறுதியாட்டம்:
களைப்பு, நெருப்பு, தனிமை. நீங்கள் சதுரங்கம் எழுதவில்லை, காவியம் எழுதுகிறீர்கள். கிராம்னிக்கின் மனத்துக்குள் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? பலகையில் தெரிவது ஒன்றுதான்: சமமான காய்கள், 29-ஆவது நகர்வில் குதிரை டி4-ஐ வெட்டியது.

வேறு உதாரணங்களும் தருகிறேன். 2010, சோஃபியா, டோபலோவுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் போட்டியின் கடைசி ஆட்டம். ஆனந்த் கறுப்பு, லாஸ்கர் தற்காப்பு. 31, 32-ஆவது நகர்வுகளில் டோபலோவ் சிப்பாய்களை வெட்டி, தன் ராஜாவை நோக்கிய மூலைவிட்டத்தைத் தானே திறந்துவிட்டார். பட்டம் ஆனந்த்திடமே நின்றது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். 55-ஆவது நகர்வில் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகளும் பிஷப்களும் கைமாறி, வெறும் சிப்பாய் ஆட்டத்தில் குகேஷ் வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்த ஆட்டத்தின் ஓப்பனிங்கை இன்று யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா? எல்லோருக்கும் நினைவிருப்பது யானை எஃப்2. பெரிய ஆட்டங்களை முடிவு செய்வது பிந்தைய பிழைகள்தான். ஆகவே இறுதியாட்டத்தை, காய்கள் குறைந்த பின் வரும் கடைசிக் கட்டத்தை, படியுங்கள் என்கிறேன்.

புதிய சிப்பாய்:
குகேஷ் அண்ணாவின் வெற்றியை எதிராளியின் பிழை என்று சொல்வது வருத்தமாக இருக்கிறது. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, டிரா என்று உலகமே சொன்ன நிலையில் அவர் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். அதனால்தான் பிழை வந்தது.

கறுப்புக்காய்:
கேட்டீர்களா? சின்னப் பிள்ளைக்குத் தெரிகிறது. பிழை தானாக வராது, வரவழைக்கப்படும். இறுதியாட்டம் அவர்களே, உங்கள் உதாரணத்தாலேயே நீங்கள் தோற்றுவிட்டீர்கள். டிங் 55-இல் செய்ததற்கு அந்த நீண்ட அழுத்தம் காரணம் என்றால், கிராம்னிக் 29-இல் செய்ததற்கு 14-இலும் 15-இலும் தொடங்கிய அழுத்தம் காரணம். இரண்டுக்கும் ஒரே நியாயம்.

இறுதியாட்டம்:
புதிய சிப்பாய் தம்பி சொன்னது குகேஷின் விடாமுயற்சி. இறுதியாட்டத்தில் காட்டிய விடாமுயற்சி. அதைத் தூக்கிக்கொண்டுபோய் உங்கள் பிஷப் பி7-க்கு மாலையாகப் போடாதீர்கள். குகேஷின் 14-ஆவது ஆட்டத்தில் தயாரிப்பு எங்கே வென்றது? காட்டுங்கள்.

ஈரோட்டுக் குதிரை:
குகேஷை இதற்குள் இழுத்தவர் இறுதியாட்டம் அவர்கள்தான். இப்போது அவரே கோபப்படுகிறார்.

பள்ளிப் பயிற்சியாளர்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அத்துடன் ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் 2022-இல் ஒலிம்பியாட் நடந்த பிறகு எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். பெற்றோர் முதலில் கேட்பது "என்ன ஓப்பனிங் சொல்லித்தருவீர்கள்?" என்பதுதான். மெரானின் 15 நகர்வுகளை ஒப்பிக்கத் தெரிந்த சிறுவனுக்கு, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய நிலையில் ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிவதில்லை. அதே நேரத்தில், 14-ஆவது நகர்வில் பிஷப் பி7 ஏன் என்று ஒரு பிள்ளைக்கு விளக்கினால், ஒரு சிப்பாயைக் கொடுத்து வேகத்தை வாங்குவது என்றால் என்ன என்பதை அது வாழ்நாளுக்கும் மறக்காது. இரண்டும் வேண்டும்.

கறுப்புக்காய்:
"இரண்டும் வேண்டும்" என்று சொல்லி எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. நான் அப்படி வளரவில்லை. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் டால் சதுரங்க மன்றம் நடந்த காலம் அது. ஆனந்த் சிறுவனாக ஆடப் போன மன்றம். எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ரஷ்யச் சஞ்சிகை கையில் கிடைத்தால் மொழி தெரியாமலே நகர்வுகளை எழுத்துக் கூட்டிப் பலகையில் வைத்துப் பார்த்தோம். இந்தக் கிளையின் ஆட்டம் ஒன்று, 1948 உலக சாம்பியன்ஷிப் போட்டியில் போட்வின்னிக்கும் ஊவேயும் ஆடியது, இன்றும் எனக்கு மனப்பாடம். அங்கே வெள்ளைச் சிப்பாய் எஃப்6-ஐ வெட்டியதும் ஊவே அதைத் திருப்பி வெட்டாமல் ராணியை பி6-இல் வைத்தார், போட்வின்னிக் ஜி7-ஐயும் வெட்டினார், ஊவே தோற்றார். அதைப் படித்தவனுக்குத்தான் அறுபது ஆண்டுகள் கழித்து ஆனந்த் ஜி7 சிப்பாயால் எஃப்6-இல் வெட்டி, அந்தச் சிப்பாயையே எஃப்4 வரை ஓட்டியதன் அழகு புரியும். கணினி எஞ்சினைத் திறந்து அது காட்டும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு "சமம்" என்று எழுதுகிறவர்களுக்குப் புரியாது.

இறுதியாட்டம்:
நான் எஞ்சினைத் திறந்தேன் என்று யார் சொன்னது? காய்களை எண்ணினேன். நீங்கள் ஆறாம் வகுப்பு என்றீர்கள். இப்போது எஞ்சின் என்கிறீர்கள். எதையாவது ஒன்றில் நில்லுங்கள்.

ரஷ்யச் சஞ்சிகையை எழுத்துக் கூட்டிப் படித்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. எங்கள் ஊரிலும் அது வந்தது. நாங்கள் அதில் இறுதியாட்டப் பக்கங்களைப் படித்தோம். அதனால்தான் 35-ஆவது நகர்வில் ஆட்டம் முடியும்போது என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிகிறது.

கறுப்புக்காய்:
தெரிந்தால் சொல்லுங்கள், 15-ஆவது நகர்வில் யானை ஜி8-க்குப் போகாமல் இருந்திருந்தால் 33-இல் சி1-இல் செக் கொடுத்திருப்பது எந்த யானை?

இறுதியாட்டம்:
29-இல் கிராம்னிக் வெட்டாமல் இருந்திருந்தால் எந்த யானை செக் கொடுத்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

யாழ் வாசகர்:
நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தயாரிப்புக்கு நல்ல உதாரணம் தேடுகிறவர்கள் ஏன் ஐந்தாவது ஆட்டத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று விளங்கவில்லை. 2013-இல் வைக் ஆன் சேயில் அரோனியனுக்கு எதிராக ஆனந்த் ஆடியதை எடுங்கள். அதுவும் மெரான்தான், அவர் கறுப்புத்தான். 15-இல் பிஷப் சி5, 16-இல் குதிரை இ5, 23 நகர்வுகளில் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு வருடம் முன்பு கெல்ஃபாண்டுக்கு எதிரான போட்டிக்காகத் தயாரித்து வைத்திருந்தது அங்கே பயன்பட்டது. அங்கே யாரும் 29-ஆவது நகர்வைப் பற்றிப் பேச முடியாது, ஏனென்றால் ஆட்டம் அதுவரை போகவே இல்லை.

கறுப்புக்காய்:
அரோனியன் ஆட்டம் எனக்குத் தெரியாதா? 1907-இல் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடியதோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டிய ஆட்டம். ஆனால் அதற்கு ஓடிப்போனால் ஐந்தாவது ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகும். விடமாட்டேன்.

1995-ஐ நினைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தில் காஸ்பரோவுடன் போட்டி. ஒன்பதாவது ஆட்டத்தை ஆனந்த் வென்றார். பத்தாவதில் ஓப்பன் ஸ்பானிஷ் கிளையில் காஸ்பரோவ் வீட்டிலிருந்து கொண்டுவந்த யானைத் தியாகம் அவரைத் தூக்கி எறிந்தது. போட்டி 10.5-7.5 என்று போனது. தயாரிப்பு ஒருவரை என்ன செய்யும் என்பதைத் தன் உடம்பில் வாங்கி அறிந்தவர் ஆனந்த். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து பானில் அதையே கிராம்னிக்குக்குத் திருப்பிக் கொடுத்தார். 2007-இல் மெக்சிகோ நகரில் பல ஆட்டக்காரர்கள் ஆடிய போட்டியில் பட்டம் வென்றபோது, "நேருக்கு நேர் மோதி வாங்கவில்லையே" என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அந்த வாய்களை மூடிய போட்டி இது. 6.5-4.5. அதை ஒருவர் எழுந்து "கிராம்னிக் தோற்றார்" என்று ஒரே வரியில் பெருக்கித் தள்ளினால் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தீர்களா?

இறுதியாட்டம்:
நான் போட்டியைச் சொல்லவில்லை. ஐந்தாவது ஆட்டத்தைச் சொன்னேன். போட்டி முழுவதும் ஆனந்த் மேலோங்கி நின்றார் என்பதை மறுக்கிறவன் நானல்ல. அந்த மனிதரின் மேல் உங்களுக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. ஆனால் நியூயார்க், மெக்சிகோ, 1948, 1907 என்று ஊர் ஊராகச் சுற்றிவந்தாலும் நீங்கள் நிற்க மறுக்கிற ஒரு சதுரம் டி4.

புதிய சிப்பாய்:
அண்ணா, ஐயா, ஒரு சந்தேகம். நான் கறுப்பில் மெரான் ஆடத் தொடங்கலாமா, வேண்டாமா? மாவட்டப் போட்டி வருகிறது.

ஈரோட்டுக் குதிரை:
தம்பி, அதை இங்கே கேட்காதீர்கள். கேட்டால் நகர்வு வரிசை தெரியுமா என்று நேர்முகத் தேர்வு நடக்கும்.

கறுப்புக்காய்:
தாராளமாக ஆடுங்கள் தம்பி. ஆனால் 14-ஆவது நகர்வு வரை ஒவ்வொன்றும் ஏன் என்று எழுதிப் பார்த்துவிட்டு ஆடுங்கள். பி5-ஐ ஏன் விட்டுக்கொடுக்கிறோம், ராஜாவை ஏன் நடுவில் விடுகிறோம், இ7-இல் அது எப்படிப் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இறுதியாட்டம்:
ஆடுங்கள் தம்பி. எதிராளி கிராம்னிக்காக இருந்து, 29-இல் உங்களுக்காகக் குதிரையால் டி4-ஐ வெட்டினால் வெல்வீர்கள். வெட்டாவிட்டால் என்ன செய்வது என்று கறுப்புக்காய் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

கறுப்புக்காய்:
வெட்டாவிட்டால் ஆனந்த் தொடர்ந்து அழுத்தியிருப்பார். சி3-இல் யானை, எஃப்4-இல் சிப்பாய், டி4-இல் தடையற்ற சிப்பாய். வெள்ளையின் ஏ, பி சிப்பாய்கள் ஓடுவதற்குள் கறுப்பின் விளையாட்டு ராஜா பக்கத்தில் தொடங்கியிருக்கும். இதுதான் பதில்.

இறுதியாட்டம்:
"அழுத்தியிருப்பார்", "தொடங்கியிருக்கும்". நகர்வு ஒன்றையாவது சொல்லுங்கள். 29-இல் வெள்ளை வேறு நகர்வு ஆடுகிறது. கறுப்பின் 29 என்ன?

கறுப்புக்காய்:
முதலில் நீங்கள் வெள்ளையின் 29 என்ன என்று சொல்லுங்கள். "அமைதியாக ஒரு நகர்வு" என்று எழுதியவர் நீங்கள்தான். அது எந்த நகர்வு என்று தொடக்கத்திலிருந்து சொல்லவே இல்லை.

இறுதியாட்டம்:
கேள்வி கேட்டவன் நான்.

கறுப்புக்காய்:
இழையைத் தொடங்கியவன் நான்.

பள்ளிப் பயிற்சியாளர்:
நாளை காலை வகுப்பில் இந்த நிலையைப் பலகையில் வைக்கப் போகிறேன். 28-ஆவது நகர்வுக்குப் பிறகு, வெள்ளையின் முறை. பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.

இறுதியாட்டம்:
எழுதுங்கள் ஐயா. எத்தனை பேர் டி4-ஐ வெட்டுகிறார்கள் என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக்காய்:
14-ஆவது நகர்விலிருந்து வையுங்கள் ஐயா. 28-இலிருந்து வைத்தால் அது இவருடைய கேள்வி.